என் மேல் அக்கா போட்ட மனு

காலை பதினொரு மணி இருக்கும். ஆபீஸ் உதவியாளர் தபால் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டு டீ வாங்கப் போனார். மேலாக இருந்த மனுவைப் பார்த்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதை மட்டும் கையில் எடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் படிக்கவே இல்லை. கையெழுத்தைத்தான் பார்த்தேன்.

அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் அ, ஆ எழுதவே பழகினேன். என் அக்கா ருக்மணியின் கையெழுத்து.

மனு என் மேல்.

"தகுதியுள்ள பிள்ளைக்குப் பிறப்பிடச் சான்று தராமல் இந்தப் பிர்க்காவின் வருவாய் ஆய்வாளர் நான்கு மாதமாக அலைய விடுகிறார். மற்றவர்களுக்கு ஒரே நாளில் கையெழுத்துப் போடுகிறவர், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மட்டும் இல்லாத ஆவணத்தைக் கேட்கிறார்." இப்படிப் போகிறது மனு. கீழே மனுதாரர் மாரியம்மாளின் கைநாட்டு. அதற்கும் கீழே அக்கா எப்போதும் போடுகிற இணைப்புப் பட்டியல், ஒன்று, இரண்டு, மூன்று என்று.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? மனுவோடு ஒரு குறிப்பு குத்தியிருந்தது. 'ஆர்.ஐ., உரிய விசாரணை செய்து அறிக்கை அனுப்பவும்.' என் மேல் வந்த புகாரை விசாரிக்கச் சொல்லி எனக்கே அனுப்பியிருந்தார்கள்! சிரிக்காதீர்கள். மனுவைப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தாத இடங்களில் இதெல்லாம் நடக்கும்.

அப்போது சுனாமி வந்து போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கீரப்பாளையத்தைச் சுற்றியிருக்கிற நெல்லுக்காட்டில் பத்துப் பதினைந்து கிராமம் சேர்ந்த ஒரு பிர்க்காவுக்கு நான் ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர். எந்தப் பிர்க்கா என்று சொல்ல மாட்டேன். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் பேத்தி பேரனோடு நிம்மதியாக இருக்கிறார்கள், அவர்களை எதற்கு இழுக்க வேண்டும்? வி.ஏ.ஓ.வுக்கு மேலே, தாசில்தாருக்குக் கீழே, நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஆர்.ஐ. சாதி, வருமானம், வாரிசு, பிறப்பிடம் என்று எந்தச் சான்றிதழ் ஆனாலும் அவர் கையெழுத்து விழாமல் மேலே நகராது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

பர்மாக்கா

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு அக்காவைத் தெரியும். இந்த வாரம்தான் சலூனில் உட்கார்ந்து புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்பா ரங்கூன் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. அங்கே ஆட்சி மாறி, கடை கண்ணியெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு, 'உங்க ஊருக்குப் போங்க' என்று சொன்ன காலத்தில், கட்டிய துணியோடு கப்பல் ஏறிய குடும்பம் எங்களுடையது. அக்காவுக்கு அப்போது ஆறு ஏழு வயசு. நான் இல்லை. கடலூருக்கு வந்து செம்மண்டலத்தில் குடிசை போட்டு ரெண்டு வருஷம் கழித்துப் பெரியாஸ்பத்திரியில் பிறந்தவன் நான்.

அப்பா சாயந்திரத்தில் தள்ளுவண்டியில் அத்தோ போட்டார். மஞ்சள் நூடுல்ஸில் புளித்தண்ணி, வறுத்த வெங்காயம், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிற பர்மாக்காரர் பலகாரம். பகலில் அவருக்கு வேறொரு வேலை இருந்தது. மனு எழுதுவது. தெருக்குழாய்க்கு ஒரு மனு, மனைப் பட்டாவுக்கு ஒரு மனு, பட்டாவில் பேர் தப்பு என்று இன்னொரு மனு. எங்களோடு வந்த குடும்பங்களுக்கெல்லாம் அவர்தான் எழுதினார். அவர் கண் மங்கிய பிறகு பேனா அக்கா கைக்கு வந்தது.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை ஜனங்களிடம் குறை கேட்பார்கள். அன்றைக்கு மஞ்சக்குப்பத்தில் எதிர்த்த மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அக்காவும் அங்கே. ஒரு பலகை, ரெண்டு ஸ்டூல், கார்பன் பேப்பர், ஒரு செம்பு தண்ணீர். யாரும் ருக்மணி என்று கூப்பிட்டதில்லை. பர்மாக்காதான்.

அவள் எழுதுகிற முறையே தனி. மற்றவர்கள் 'பணிவுடன் சமர்ப்பிப்பது' என்று ஆரம்பிப்பார்கள். அக்கா முதலில் கேட்பாள், "எங்கேருந்து வர்றீங்க?" ஊர்ப் பேரைச் சொன்னால் விட மாட்டாள். "அதுக்கு முன்னாடி?" நெய்வேலியில் நிலம் கொடுத்துவிட்டு வந்தவர், சேலத்திலிருந்து தறி ஓட்ட வந்தவர், வடலூரில் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்து சேர்ந்தவள். அதைத்தான் முதல் வரியாக எழுதுவாள். அப்புறம்தான் குறை.

"கலெக்டருக்கு எதுக்குக்கா கதை?" என்று பக்கத்துப் பலகைக்காரர் கிண்டல் பண்ணுவார்.

"கதை இல்ல. ஆளு. ஆளு யாருன்னு தெரியாம கையெழுத்து போட்டா அது வெறும் பேப்பர்" என்பாள்.

எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. எங்கிருந்து வந்தோம் என்பதை ஊரெல்லாம் கூவ வேண்டுமா? ஆபீசில் என்னைக் கேட்டால் "சொந்த ஊர் கடலூர், செம்மண்டலம்" என்பேன். பொய்யில்லையே!

நான் எப்படிக் கறார் ஆசாமி ஆனேன்

அப்பா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். துறைமுகத்தில் இறங்கினபோது ஒரு சர்க்கார் குமாஸ்தா ஆளுக்கு ஒரு ரொட்டி கொடுத்து, ரயிலுக்கு இலவசச் சீட்டும் கொடுத்தாராம். "யாருன்னே தெரியாத நமக்கு கவர்மெண்ட்டு சோறு போட்டுச்சுடா. நீ படிச்சு அந்த கவர்மெண்ட்டுக்கே வேலை செய்யணும். துரோகம் மட்டும் பண்ணக் கூடாது."

நான் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதினது அந்த ரொட்டிக்காகத்தான் என்று சொன்னால் நாடகம் போல இருக்கும். ஆனால் உண்மை அதுதான். ஒருத்தனிடமும் நான் கை நீட்டியதில்லை. டீ வாங்கிக் கொடுத்தால்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆர்.ஐ. ஆன புதிதில் ஒரு பர்மாக்காரக் குடும்பத்துப் பையனுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். மறுநாள், எனக்கு மேலே இருந்த ஒருத்தர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார், "என்ன சார், உங்காளா?"

நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"கடலூர்ல உங்கப்பா வண்டியில நான் சாப்பிட்டிருக்கேன் சார். நல்லா இருக்கும். ஆனா பார்த்து. கப்பல்ல வந்தவங்க பேப்பரெல்லாம் தண்ணில எழுதினது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா உங்காளுங்களுக்கு நீங்களே முத்திரை குத்தினீங்கன்னு சொல்லுவாங்க."

அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை. அவர் அன்று மத்தியானமே மறந்திருப்பார். எனக்குச் சுருக்கென்று தைத்தது, எடுக்கவே முடியவில்லை. அன்றையிலிருந்து பர்மாவோ, சிலோனோ, எங்கிருந்து திரும்பியவர்கள் ஃபைல் வந்தாலும் நான் கறார். பள்ளிச் சான்று உண்டா? ரேஷன் கார்டு உண்டா? ஓட்டர் லிஸ்ட் உண்டா? எல்லாம் இருந்தால், தாயகம் திரும்பினதற்கான அசல் அட்டை எங்கே? உள்ளூர்க்காரன் ஃபைல் என்றால் ரெண்டு நிமிஷம். அவன் அப்பன் எந்த ஊரில் பிறந்தான் என்று நான் கேட்டதே கிடையாது.

இதற்கு நான் வைத்திருந்த பேர் நேர்மை. சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வராணியின் ஃபைல்

செல்வராணிக்கு நர்சிங் படிக்க ஆசை. ப்ளஸ் டூவில் நல்ல மார்க். அவள் அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா மாரியம்மாள் நடவு வேலைக்குப் போகிறவள். பிள்ளை பிறந்தது இங்கே. ஒண்ணாங்கிளாஸிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் படித்ததும் இங்கே. வி.ஏ.ஓ. பரிந்துரை எழுதி அனுப்பியிருந்தார். அதுவே போதும். அது போதும் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் எழுதினேன்: 'பெற்றோர் தாயகம் திரும்பியதற்கான அசல் ஆவணம் இணைக்கவும்.'

அட்டை கொள்ளிடம் வெள்ளத்தில் போய்விட்டது என்றார்கள். 'நகல் பெற்று இணைக்கவும்' என்று எழுதினேன்.

மாரியம்மாள் நாலைந்து தடவை வந்தாள். நாற்றங்காலிலிருந்து நேரே வருவாள், கணுக்கால் வரைக்கும் சேறு காய்ந்திருக்கும். உள்ளே மிதிக்கலாமா என்று யோசித்து வாசற்படியிலேயே நிற்பாள்.

"இந்தப் புள்ள இங்கதானே ஐயா பொறந்தா?"

"ரூல் அம்மா. நான் என்ன பண்ண முடியும்?"

ரூல் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் பேச முடியாது. அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. முதல் கவுன்சிலிங்குக்குச் சான்றிதழ் இல்லாமல் போய் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசிச் சுற்றுக்குள் கொண்டுவா என்று சொன்னார்களாம். அந்தக் கடைசிச் சுற்று வருகிற புதன்கிழமை. அந்த நேரத்தில்தான் யாரோ மாரியம்மாளை, 'கடலூர்ல ஒரு அம்மா இருக்காங்க, போய்ப் பாரு' என்று அனுப்பியிருக்கிறார்கள்.

மனு என் மேசைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. அப்போதே சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. பயந்து போட்டேன் என்று அக்கா நினைப்பாளே என்ற ரோஷம். மனுஷ மூளை எவ்வளவு அசிங்கமாக வேலை செய்யும் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு மிச்சமிருந்ததே நாலைந்து நாள்.

ஞாயிற்றுக்கிழமை மொய்ங்கா

சிதம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். ஞாயிறு காலை கடலூருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒத்திகை. புதுச்சத்திரம் வரும்போது நான் ரொம்பக் கோபமாக இருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது கொஞ்சம் இறங்கிவிட்டது.

அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மொய்ங்கா. வாழைத்தண்டும் மீனும் போட்டுக் கொதிக்கிற சாற்றை நூடுல்ஸ் மேல் ஊற்றி, கடலைமாவு வடையை உடைத்துப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடுவோம். வாசலிலேயே பூண்டு வறுபடுகிற வாசனை வந்தது. அக்கா வீட்டுக்காரர், ஊரில் அத்தான் என்பார்கள், நாங்கள் மாமா என்போம், பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, அன்றைக்கு லீவு.

"வா மச்சான். கரெக்டா சாப்பாட்டு நேரத்துக்கு வந்துட்டியே" என்றார்.

நான் உட்காரக்கூட இல்லை. "என்னக்கா, என் மேலயே மனு போட்டிருக்க?"

அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமல் சொன்னாள், "உன் மேல யாரு போட்டா? அந்தப் பிர்க்கா ஆர்.ஐ. மேல போட்டேன்."

"அந்த ஆர்.ஐ. யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நடவு சீசன்ல ஒரு பொம்பளைய நாலு மாசம் அலைய வெச்சவன். நல்ல குடும்பத்துல பொறந்தவனா இருக்க மாட்டான்."

மாமாவுக்குப் புரை ஏறிவிட்டது. சிரிப்பை அடக்கப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"அவுங்கள வாபஸ் வாங்கச் சொல்லுக்கா. நாளைக்கே கையெழுத்து போட்டுடறேன்."

"ஓ! வாபஸ் வாங்கினா போடுவீங்களா? கையெழுத்து என்ன உங்கப்பன் வீட்டு சொத்தா?" இப்போது திரும்பினாள். கையில் கரண்டி. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. என் தம்பியே பூசாரி ஆயிட்டான்."

"ரூல் இருக்குக்கா."

"எங்க இருக்கு, காட்டு. பன்னெண்டு வருஷம் இங்க படிச்ச புள்ளைக்கு அப்பன் வந்த அட்டை கேக்கணும்னு எந்த ரூல்ல இருக்கு? எனக்கும் கொஞ்சம் ரூல் தெரியும்டா. அதுலதான் சோறு திங்கறேன். மூணு வருஷத்துல உன் பிர்க்காவுலேருந்து என்கிட்ட ஏழு பேர் வந்துட்டாங்க. ஏழு பேரும் சிலோன், பர்மா. ஒரு உள்ளூர்க்காரன் வரல. மொத ஆறு மனுவையும் ஆர்.ஐ. மேல எழுதாம சும்மா கோரிக்கையா எழுதி அனுப்பிச்சேன். தம்பியாச்சேன்னு."

ஏழு பேர். முதல் ஆறு கோரிக்கையும் மேலேயே நின்றுவிட்டது போல, என் மேசைக்கு வரவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதில்லை.

"நம்மாளுங்களுக்குச் சலுகை காட்டினேன்னு நாளைக்கு எவனும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுல்ல? அதுக்குத்தான் கொஞ்சம் ஜாஸ்தி பார்த்தேன். அப்பா என்ன சொன்னாரு? கவர்மெண்ட்டுக்குத் துரோகம்..."

"ரொட்டி குடுத்தாங்க, அதானே? நானும் தின்னேன் அந்த ரொட்டி. நீ தின்னல. அந்த குமாஸ்தா நம்மகிட்ட அட்டை கேட்டுட்டா ரொட்டி குடுத்தாரு? பசிக்குதான்னு கேட்டாரு. அவ்ளோதான்."

கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். மாமா பேப்பரை மடித்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை

"எனக்கு டீச்சர் ட்ரெயினிங் ஏன் கிடைக்கல, தெரியுமா உனக்கு?"

"மார்க் பத்தல." வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"ஸ்கூல்லயே நான்தான்டா ஃபர்ஸ்ட்டு."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பிறப்பிடச் சான்று கேட்டு ஒரு ஆபீசுக்குப் போனேன். எந்த ஆபீஸ்னு கேக்காத, அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. பேப்பரை மூணு வாட்டி புரட்டினாரு. நீ பொறந்தது ரங்கூன், அங்க போய் சான்று வாங்கிட்டு வாம்மான்னாரு. ரங்கூனுக்கு! பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற எங்கிட்ட காசில்ல அப்ப. மூணாவது தடவை போனது கடைசித் தேதி. மேசைக்கு முன்னாடி நின்னு அழுதுட்டேன். ரூம்ல வேற யாரும் இல்ல. அந்த மனுஷன் குனிஞ்சு, சத்தமில்லாம ஒரு வார்த்தை சொன்னாரு. 'ம ஙோ நெ.'"

பர்மா பாஷையில் 'அழாதே' என்று அர்த்தம். நான் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் அம்மா அதைத்தான் சொல்வாள். எங்கள் வீட்டுக்கு வெளியே அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"ஆமாடா. நம்மாளு. ஜப்பான் சண்டையில பர்மாவுலேருந்து நடந்தே வந்த குடும்பம்னு அப்புறம் விசாரிச்சு தெரிஞ்சுகிட்டேன். கூட வேலை செய்றவங்க யாருக்கும் தெரியாது. எங்கிட்ட அந்த வார்த்தையைச் சொல்லிட்டு உடனே வாசலைப் பார்த்தாரு, எவனாவது கேட்டுட்டானான்னு. அப்புறம் ஃபைலைக் கட்டி வெச்சுட்டாரு."

தெருவில் உப்பு விற்கிறவன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனான்.

"கெட்டவர் இல்லடா. கை நீட்டாத மனுஷன்னு ஊரே சொல்லும். பயந்தாங்கொள்ளி. நம்மாளுக்குச் செஞ்சான்னு பேர் வந்துடுமோன்னு பயந்து நம்மாளையே தொலைச்சாரு. வேற எவனாவது பண்ணியிருந்தா எனக்கு மறந்து போயிருக்கும்."

"இத்தனை வருஷம் ஏன்க்கா சொல்லல?"

"அப்ப நீ சின்னப் பையன். அப்புறம் நீ பரீட்சை எழுத ஆரம்பிச்ச. ஆபீஸ்னாலே பயந்துடுவன்னு விட்டுட்டேன். தப்புதான். சொல்லியிருந்தா அந்த மனுஷன் மாதிரி ஆகியிருக்க மாட்ட."

எனக்கு அவமானமாக இருந்தது. வேறு வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் மூளை இல்லை, உழைப்பு இல்லை. பெரியாஸ்பத்திரியில் கொடுத்த ஒரு சீட்டு. அந்தச் சீட்டு இருந்ததால் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், அது இல்லாததால் அவள் மரத்தடியில் உட்கார்ந்தாள். அங்கேயும் அவள் சும்மா இருக்கவில்லை. அப்பா சொன்ன சர்க்கார் வேலையை எங்கள் ரெண்டு பேரில் ஒழுங்காகச் செய்தவள் அவள்தான்.

"ஒக்காரு. ஆறிப் போவுது" என்றாள். சாப்பிட்டேன். எப்படி இருந்தது என்று கேட்டால் சத்தியமாக ஞாபகம் இல்லை.

வயல் வரப்பில்

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் கையெழுத்துப் போட்டு, ஃபைலை நானே தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போய், தாசில்தார் கையெழுத்தாகும் வரைக்கும் வராந்தாவில் நின்றேன். மத்தியானம் சான்றிதழை நானே எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன்.

மாரியம்மாள் நடவில் இருந்தாள். ஆர்.ஐ. வந்திருக்கிறார் என்று யாரோ குரல் கொடுக்க, கையில் நாற்று முடியோடு வரப்பில் ஏறி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னும் எதுனா பேப்பர் வேணுமா ஐயா?"

அந்தக் கேள்வியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். என் உத்தியோகத்துக்கு ஜனங்கள் கொடுத்த சான்றிதழ் அது. "இல்லம்மா, குடுக்கத்தான் வந்தேன்" என்று நீட்டினேன். கை சேறாக இருந்ததால் அவள் வாங்கவில்லை. முந்தானையை விரித்தாள், அதில் வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே வீட்டைப் பார்த்து ஓடிவிட்டாள்.

செல்வராணிக்கு இடம் கிடைத்தது. ஆனால் பக்கத்து ஊர் இடமெல்லாம் முதல் சுற்றிலேயே போய்விட்டது. திருநெல்வேலிப் பக்கம்தான் கிடைத்தது. பெற்ற பிள்ளையைப் பார்க்க மாரியம்மாள் ரெண்டு பஸ் மாறி ஒரு நாள் முழுக்கப் போக வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் நான். இதை எழுதாமல் விட்டால் இந்த அத்தியாயத்துக்கு அர்த்தமே இல்லை.

விசாரணை அறிக்கை பாக்கி இருந்தது. வழக்கமாக எழுதுவது ஒரே வரி: 'மனுதாரருக்குச் சான்று வழங்கப்பட்டுவிட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை.' எழுதினேன். பிறகு அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி எழுதினேன். 'புகார் உண்மை. தேவையில்லாத ஆவணம் கேட்டது நான். தாமதத்துக்கு வேறு யாரும் காரணமில்லை.'

சீனியர் ஒருத்தர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறீங்களே சார்! கிழிச்சுப் போட்டுட்டு மொத வரிய மட்டும் எழுதுங்க."

கிழிக்கவில்லை. பத்து நாளில் மெமோ வந்தது. பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

வரிசையில்

ஆயிரக்கணக்கான பேருக்குக் குறிப்பு எழுதியவன் நான். என் விளக்கத்தை என்னால் எழுத முடியவில்லை. நாலு பேப்பரைக் கசக்கிப் போட்டேன். எப்படி எழுதினாலும் முதல் வரியிலேயே பொய் மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மஞ்சக்குப்பம் போனேன். மரத்தடியில் நல்ல கூட்டம். நேரே அக்கா பலகைக்குப் போய் மெமோவை நீட்டினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "வரிசைல வாங்க" என்றாள்.

வாங்க! பிறந்ததிலிருந்து என்னை 'டா' என்று மட்டுமே கூப்பிட்டவள்.

போய் நின்றேன். எனக்கு முன்னால் அஞ்சு பேர். ஊன்றுகோலோடு ஒரு பெரியவர், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பாய், மகன் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட விஷயமாம். வெயில் ஏற ஏற நிழல் நகர்ந்தது, வரிசையும் நிழலோடு நகர்ந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அத்தனை வருஷ சர்வீஸில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கால் வலித்ததை விட, முன்னால் இருப்பவர் எப்போது எழுந்திருப்பார் என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

என் முறை வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். அக்கா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இடது ஓரத்தை மடித்தாள். அடியில் கார்பன் வைத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"அக்கா, உனக்குத் தெரியாதா..."

"எங்கேருந்து வர்றீங்க?"

"செம்மண்டலம்."

பேனா நகரவில்லை. "அதுக்கு முன்னாடி?"

பக்கத்து டீக்கடையில் என் இலாகாக்காரர் ரெண்டு பேர் கிளாஸும் கையுமாக நின்றிருந்தார்கள். ஒருத்தர் என்னை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். பின்னால் வரிசையில் ஜனம்.

"பர்மா" என்றேன். எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னக் குரலில்தான் வந்தது. கனைத்துக்கொண்டு, டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன். "பர்மாவுல இருந்து வந்த குடும்பம்ங்க. ரங்கூன்."

தூக்கின கை அப்படியே நின்றது. அக்கா தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

"ஆனா நான் பொறந்தது இங்கக்கா. பெரியாஸ்பத்திரி" என்றேன்.

"தெரியும்டா" என்றாள், எழுதிக்கொண்டே. "அது ரெண்டாவது வரி."